அடைக்காத வீடு

செலியமேட்டில் இருந்த நிலத்தை விற்று வில்லியனூரில் வீடு வாங்கப் போகிறேன் என்று தையலம்மாள் சொன்னபோது, அவளுடைய மைத்துனர்மார் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, முன்கட்டில் காலை நீட்டிப் படுக்கிறவர்கள். புருஷன் பலராமன் செத்த நாலு வருஷமாக அதே வீட்டின் பின்கட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓர் அறையில், ஒரு குடம் தண்ணீர் மொள்ளுவதற்கும் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் இவள்தானே. கிணற்றில் ராட்டினச் சத்தம் கேட்டால் போதும், யாரு அது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். யார் என்று தெரிந்துகொண்டே கேட்கிற குரல். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

மகன் கண்ணையனுக்குப் புதுச்சேரியில் மில் வேலை கிடைத்ததும் ஒரு வழி பிறந்தது. செலியமேட்டிலிருந்து தினமும் மில்லுக்குப் போய்வர முடியாது. வில்லியனூர் என்றால் ரயில் இருக்கிறது. காலையில் ஏறினால் சங்கு ஊதுவதற்குள் வாசலில் நிற்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், தங்கை அமுதம் வில்லியனூரில்தான் குடியிருந்தாள். அமுதம் தங்கை என்று பேர்தான். தாய் செத்தபோது அவளுக்கு ஐந்து வயது. அப்போதுதான் கல்யாணமாகியிருந்த தையலம்மாள் புக்ககத்துக்குப் போகும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போன குழந்தை, அங்கே பின்கட்டிலேயே வளர்ந்தது. தலைவாரிப் பின்னி, காது குத்தி, வயதுக்கு வந்தபோது புட்டு சுற்றி, டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த தங்கவேலுக்குக் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். தையலம்மாளுக்கு இந்த உலகத்தில் சந்தேகப்படாமல் பேசக்கூடிய மனுஷி ஒருத்தி உண்டென்றால் அது அமுதம்.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதம், அறுவடைப் பணமும் நிலம் விற்ற பணமும் கைக்கு வந்தவுடன், தையலம்மாள் ஒரு வாரம் தங்கை வீட்டில் வந்து தங்கினாள். அக்காவும் தங்கையுமாக வெயில் ஏறுமுன் கிளம்பி வீடு பார்த்தார்கள். பார்த்தது நிறைய. மனசில் நின்றது இரண்டு.

ஒன்று, ஸ்டேஷன் சாலையில் புதிதாகக் கட்டியிருந்த எட்டு வீட்டு வரிசை. டவுன் வியாபாரி ஒருவர் வயலைத் தூர்த்து எழுப்பியது. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. சீமை ஓடு, வழவழவென்று சிமிட்டித் தரை, ஜன்னலுக்கெல்லாம் வெள்ளைக்காரன் தெருவில் இருப்பதுபோல் பச்சை வர்ணம். கட்டியவரின் ஆள் ஒவ்வொரு அறையிலும் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். கதவு சத்தமில்லாமல் மூடுவது ஏதோ அவனுடைய சாமர்த்தியம் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எட்டு வீட்டுக்கும் சேர்த்துக் கோடியில் ஒரே கிணறு. அதைப் பற்றி அவன் பேசவில்லை.

இன்னொன்று பெரிய கோயிலுக்குப் பின்னால், ருக்குமணி என்கிற விதவையின் வீடு. புருஷன் வெல்ல வியாபாரி. போன ஆனி மாதம் அந்த வீட்டில்தான் காலமானார். பிள்ளையில்லாத ருக்குமணி, வீட்டை விற்றுவிட்டு அரியூரில் இருந்த தன் தம்பியோடு போய் இருந்துவிடலாம் என்று இருந்தாள். நாற்பது வருஷத்து வீடு. நாட்டு ஓடு, அங்கங்கே கறுத்த உத்தரம், சமையலறைச் சுவரில் எத்தனை வெள்ளையடித்தாலும் போகாத புகை. ஆனால் சுவர் ஒவ்வொன்றும் இரண்டு முழ அகலம். முற்றத்தில் சொந்தக் கிணறு. தையலம்மாள் வாளியை இறக்கி மொண்டு, கையால் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். இன்னொரு தரம் குடித்தாள். பிறகு அந்தக் கிணற்றங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் வரும்போதே எல்லாம் முடிவாகிவிட்டது. பின்னால் இருக்கிற அறையை அமுதத்துக்கும் அவள் புருஷனுக்கும் கொடுத்துவிடலாம், எத்தனை நாளைக்கு வாடகை வீட்டில் கிடந்து அவதிப்படுவார்கள், சமையலையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். அமுதம் ஆகட்டும்க்கா, ஆகட்டும்க்கா என்று கூடவே நடந்தாள். தையலம்மாளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் தங்கையின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுப்பதாக ருக்குமணியிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கவேல் ஒரு காகிதத்தோடு வந்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தையலம்மாளுக்குப் புது வீடா பழைய வீடா என்பதில் பயம் கிடையாது. கறையான், ஒழுகல், விரிசல், எதற்கும் அசரமாட்டாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மாமனார் சதய நட்சத்திரத்தில் செத்தார். அடைப்புள்ள நட்சத்திரம், ஆறு மாதம் அந்த அறையை மூடி வையுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அறுப்புக் காலம், நெல் மூட்டை அடுக்க இடமில்லை என்று மூத்த மைத்துனர் மூடவில்லை. மூன்றாம் மாதம் ஊரில் வாந்திபேதி வந்தது. தையலம்மாளின் மூத்த பையன் ஏழு வயதில் போனான். பதினோராம் நாள் அவனுக்கு இளையவள் போனாள். ஊரெல்லாம் வந்த நோய்தான். ஊரில் வேறு பிள்ளைகளும் போயின. ஆனால் தாய்க்காரியிடம் யார் அதைச் சொல்லி நிறுத்த முடியும்? மூடாத அறை இரண்டு பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்றுதான் அவள் நம்பினாள். மிச்சம் இருந்தது கடைக்குட்டி கண்ணையன் ஒருவன். இன்றைக்கும் அவன் இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல் தும்மினால் அடுப்பில் கஷாயம் ஏறிவிடும்.

தங்கவேல் கொண்டுவந்தது ருக்குமணி புருஷனின் மரணப் பதிவு. கிரயப் பத்திரம் பதிகிற நொத்தேரிடம் காட்ட வேண்டியிருக்கும் என்று பிறப்பு இறப்பு பதிகிற கொம்யூன் ஆபீசில் நகல் வாங்கினானாம். பிரெஞ்சு சர்க்கார் முத்திரை குத்திய காகிதம். அதைக் கூடத்தில் விளக்கடியில் பிரித்து, முதலில் அந்தப் பாஷையிலேயே மூக்கால் ஒரு வரி படித்தான். பிறகு தமிழில் சொன்னான். ஜூலை மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு.

எண்ணாக எழுதியிருந்தால் தையலம்மாளே பார்த்திருப்பாள். அவளுக்கு எண் தெரியும். ஆனால் அந்தக் காகிதங்களில் தேதியையும் மணியையும்கூட எழுத்தால்தான் எழுதுவார்கள். அந்த எழுத்து அந்த வட்டாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. கல்யாணம், சாவு, கிரயம் எதுவானாலும் சொந்தத்தில் எவனாவது ஒருவன் படித்துச் சொல்லுவான். அவன் சொன்னது சர்க்கார் சொன்னதாக ஆகிவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள்.

அமுதம் பக்கத்துத் தெரு ஜோசியர் வீட்டுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஜோசியர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து, சொன்ன தேதிக்கும் மணிக்கும் விரலை ஓட்டி, அவிட்டம் என்றார். ஆறு மாத அடைப்பாச்சே, மூடினார்களா என்று கேட்டார். மூடவில்லை, ருக்குமணி இன்றுவரை அந்த வீட்டில்தான் புழங்குகிறாள் என்று அமுதம் சொன்னாள். ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அதுவே போதுமானதாக இருந்தது.

ருக்குமணியையே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று தையலம்மாளுக்குத் தோன்றத்தான் செய்தது. அமுதம்தான் வேண்டாமென்றாள். வீட்டை விற்கப் போகிறவள் உள்ளதைச் சொல்லுவாளா, தாலி அறுத்தவளிடம் போய் உன் புருஷன் எந்த நட்சத்திரத்தில் போனான் என்று கேட்பது நமக்குத்தான் மரியாதையா என்றாள். அக்கம்பக்கத்தில் தான் ஏற்கெனவே விசாரித்துவிட்டதாகவும், ஆனி மாதம் என்பதற்குமேல் யாருக்கும் நினைவில்லை என்றும் சொன்னாள். அன்று படுக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"கண்ணு இருந்து குருடாப் போயிடாதக்கா. ஒனக்கு இருக்கறது ஒரு புள்ள."

வெள்ளிக்கிழமை முன்பணம் ஸ்டேஷன் சாலை வியாபாரிக்குப் போயிற்று.

புது வீட்டைப் பற்றி என்ன சொல்ல. வெள்ளையும் பச்சையுமாகப் பளபளத்தது இரண்டு மாதம். சித்திரை வெயிலில் தூர்த்த மண் இறங்க ஆரம்பித்ததும் வாசல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிக் கூரைக்கு ஏறியது. பூசினார்கள், பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. கட்டியவரின் ஆள், புதுச் சுவர் அப்படித்தான் இருக்கும், உட்காரும் என்றான். சுவர் உட்காருவதற்கா அவள் நிலத்தை விற்றாள்? கோடிக் கிணற்றுத் தண்ணீரோ உப்பு. பருப்பு வேகாது, சோறு மஞ்சளாக வடியும், தலையில் ஊற்றினால் மயிர் பிசுக்குப் பிடிக்கும். அதற்கும் எட்டு வீட்டுப் பெண்கள் வரிசை. குடிதண்ணீருக்குக் கோயில் குளத்துப் பக்கம் கால் மைல் நடக்க வேண்டும். செலியமேட்டில் ஒரு ஓரகத்தி முகத்தைப் பார்த்தாள், இங்கே ஏழு பேர் முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் சாயங்காலம் ரயில் வந்து, சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு கண்ணையன் முழுசாக வாசலில் வந்து நிற்கும்போது எல்லாம் சரியாகிவிடும். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

சித்திரை கடைசியில் அமுதம் அழுதுகொண்டே வந்தாள். ருக்குமணி வீட்டைத் தாங்கள் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அவிட்டம் என்ற பேச்சு ஊரில் பரவி வேறு ஆளே வராமல், ருக்குமணி பாதி விலைக்கு இறங்கிவந்தாளாம். தங்கவேல் வக்கீலிடம் கைமாற்று வாங்கி முடித்துவிட்டானாம். தான் எவ்வளவோ தடுத்ததாகச் சொன்னாள்.

தெரிந்தே அந்த வீட்டுக்குள் போகிறாயேடி என்று தையலம்மாள் தங்கையின் மோவாயைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அமுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "போனா எனக்கு இன்னாக்கா போவப்போவுது? புள்ளயா குட்டியா?"

அமுதத்துக்குக் குழந்தை இல்லை. பதினாலு வருஷமாக இல்லை. அந்த ஒரு வார்த்தையில் தையலம்மாள் நொறுங்கிப்போனாள். தங்கையைக் கட்டிக்கொண்டு, விரிசல் விட்ட அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போய், அமுதத்துக்கு அந்த வீட்டில் ஒன்றும் நேரக்கூடாது என்று இரண்டு நெய்விளக்கு ஏற்றிவைத்தாள். தன் மகனுக்கு ஒன்றுதான் ஏற்றுவாள். அவ்வளவு பைத்தியக்காரி.

ஆனி மாதம் ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது, ஸ்டேஷன் பக்கம் ருக்குமணியைப் பார்த்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்தாள். வாக்குக் கொடுத்து மாறியவள் இவள்தானே. ருக்குமணி அவளாகவே நின்றாள். கோபமில்லை. முகம் மட்டும் வாடியிருந்தது.

அவள் வந்த காரியம் இதுதான். புருஷனுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. உயிர் போன கூடத்திலேயே ஒரு இலை போட்டுப் படைத்துவிட வேண்டும் என்று ஆசை. அதற்கு அமுதத்திடம் ஒரு நாள் இடம் கேட்டு வந்திருந்தாள். அமுதம் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். பரவாயில்லை, விற்ற வீட்டில் எனக்கென்ன பாத்தியதை, அரியூரிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

"என்றைக்குத் திதி" என்று தையலம்மாள் கேட்டாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. நின்று பேசுகிறவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"தேய்பிறை துவிதியை. திங்கக்கெழம வெளக்கு வெச்ச நேரம் போனாரு, திருவோணம். ஐயரு அன்னிக்கே பாத்துச் சொன்னாரு, அடைப்பு இல்ல, மவராசனாட்டம் போயிட்டாருன்னு."

திங்கட்கிழமை. திருவோணம். தையலம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். செவ்வாய்க்கிழமை இல்லையா என்று கேட்டாள். ருக்குமணி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். புருஷன் செத்த நாள் எனக்குத் தெரியாதா என்றாள். பிறகு அவளே, ஊரில் யாரோ அவிட்டம் என்று கிளப்பிவிட்டார்கள், யார் என்று தெரியவில்லை, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தையலம்மாள் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்தக் காகிதம் அவளிடம்தான் இருந்தது. கிரயம் முறிந்துபோனதால் நொத்தேருக்குத் தேவைப்படவில்லை. தங்கவேல் அன்றைக்கே, வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று அவள் கையில் கொடுத்திருந்தான். படிக்கத் தெரியாதவளிடம் கொடுப்பதற்கு என்ன பயம்? வரிசையில் மூன்றாம் வீடு தனிஸ்லாஸ் வீடு. பிரெஞ்சுக்காரன் ஆளுகிற சைகோனில் பத்து வருஷம் கணக்கெழுதிவிட்டு வந்த மனுஷர். அவருக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. காகிதத்தை நீட்டி, இதில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒரே பார்வையில் சொன்னார். ஜூலை ஆறு.

ஏழாக இருக்குமோ என்று கேட்டாள். அவர் சிரித்து, ஆறுக்கு எழுதுகிற எழுத்து வேறு, ஏழுக்கு வேறு, இரண்டையும் மாற்றிப் படிக்க முடியாதம்மா என்று அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். மூன்றே எழுத்து. என்ன கிழமை என்று பஞ்சாங்கம் பார்க்கவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஏழு செவ்வாய் என்றால் ஆறு திங்கட்கிழமை. ருக்குமணி பொய் சொல்லவில்லை. காகிதமும் பொய் சொல்லவில்லை.

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. ஒருநாள் முழுவதும் மனசுக்குள் தங்கவேலைப் போட்டு மிதித்தாள். படுபாவி, வக்கீல் வீட்டுப் புத்தி, ஒரு பெண்பிள்ளையை ஏமாற்றி வீட்டைத் தட்டிக்கொண்டானே என்று திட்டினாள். திட்டத் திட்ட ஒரு ஆறுதல் இருந்தது. எல்லாம் அவன் வேலை. அமுதத்துக்கு என்ன தெரியும், அவளுக்கும் எழுத்துத் தெரியாது, என்னைப்போல அவளும் அவன் படித்ததைக் கேட்டவள்தானே. பாவம், அவளையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறான். வீடு போனது போகட்டும். உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்துவிடலாம். அமுதத்துக்குத் தெரியாது என்பது மட்டும் உறுதியாகிவிட்டால் போதும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் கண்ணையன் ரயிலேறியதும் கிளம்பிப் போனாள்.

அமுதம் முற்றத்தில் இருந்தாள். வெள்ளையடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கிணற்றங்கரையில் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து மணை எடுத்துப் போட்டாள். தங்கவேல் வேலைக்குப் போயிருந்தான். தையலம்மாள் உட்காரவில்லை. ருக்குமணியைப் பார்த்ததையும், தனிஸ்லாஸ் படித்ததையும் நின்றபடியே சொன்னாள். அமுதம் புளிக் கையைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்ள என்ன ஏமாத்தினாரு, அது போவட்டும். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம், தையலம்மாள் அதை அப்படியே வாங்கி முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அமுதம் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை.

"அவருக்கு நட்சத்திரம் இன்னாக்கா தெரியும்? அந்தாளு கோர்ட்டு, வியாஜ்யம்னு சுத்தறவரு. ஒரு நாள் தள்ளிப் படிச்சா அவிட்டம் வரும்னு பாத்து வெச்சது நான்தான்."

ஏன்டி என்று கேட்டாளா, கேட்க நினைத்தாளா என்பது தையலம்மாளுக்கே தெரியாது. அமுதம் பேசிக்கொண்டே போனாள். நாலு வருஷமாகத் தினமும் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறாள். நாலு வருஷமாக இந்த வீட்டின் மேல் ஆசை. விலைக்கு வரும் என்று தெரிந்ததும் எங்கெங்கோ கேட்டுப் பணம் புரளவில்லை. அதற்குள் அக்கா நிலம் விற்ற பணத்தோடு வந்து நின்றாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், வீடு அவளுடையதாகிவிட்டது. தங்கைக்குப் பின்பக்கத்து அறை.

"ஒன் வூட்டுப் பின்கட்டுலயே வளந்தேன். மறுபடியும் பின்கட்டா?"

"எனக்கு இந்த வூட்டு மேல ஆசைக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருக்க மாட்டேனா? பணத்தயும் குடுத்திருப்பேனேடி."

"குடுத்திருப்பே. அது தெரிஞ்சுதான் கேக்கல. நான் கட்டின சேல, போட்ட தோடு, கட்டிக்கிட்ட புருஷன், அல்லாம் நீ பாத்துக் குடுத்தது. இது ஒண்ணாவது நானா எடுத்துக்கிட்டதா இருக்கட்டும்னு நெனச்சேன்."

தையலம்மாள் அதையும் கேட்டுக்கொண்டாள். வயிற்றெரிச்சலோ, ரோஷமோ, மனுஷிக்கு இருக்கக்கூடியதுதான். அதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். பொறுக்க முடியாதது வேறொன்று.

"வூடு இடிஞ்சு விழும்னு சொல்லியிருக்கலாம். பேய் இருக்குதுன்னு சொல்லியிருக்கலாம். இத எப்படிடி சொல்லத் தோணிச்சு ஒனக்கு?"

அமுதத்துக்கு அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் சொன்னாள்.

"வேற எதுக்கும் நீ பயப்பட மாட்டேக்கா. ஒனக்கு எது பயம்னு என்னவிட யாருக்குத் தெரியும்? அன்னிக்கு சின்னவள மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தவ நான்தானே."

உண்மைதான். மூத்தவனைப் புதைத்துவிட்டு வந்து நினைவு தப்பிக் கிடந்தாள் தையலம்மாள். அவனுக்கு இளையவளுக்குத் துணியை நனைத்து நனைத்து வாயில் பிழிந்துகொண்டு, உயிர் அடங்குகிறவரை மடியில் வைத்திருந்தவள் பதினாலு வயது அமுதம்தான். இத்தனை வருஷமாகத் தையலம்மாள், தான் தங்கையிடம் பட்ட ஒரே கடன் அது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் சாகும்போது நான் இல்லை, என் அமுதம் இருந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

முற்றத்தில் வெயில் ஏறிவிட்டது. அமுதம் கையைக் கழுவிக்கொண்டு, மோர் கொண்டுவரட்டுமா என்றாள். பிறகு, தினமும் வந்து இந்தக் கிணற்றிலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டு போக்கா, யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தையலம்மாளுக்குத் தாங்கவில்லை.

"நாலு புள்ள வளத்தேன்" என்றாள். "ரெண்டு போச்சு, ரெண்டு மிச்சம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு மூணு போச்சுடி."

அமுதம் அக்கா என்று ஓரடி முன்னால் வந்தாள். தையலம்மாள் கையை எடுத்துத் தடுக்கவில்லை, சாபம் கொடுக்கவில்லை. திரும்பி, கூடத்தைத் தாண்டி, ருக்குமணியின் புருஷன் நல்ல நாளில் உயிரை விட்ட அந்த இடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். உச்சி வெயிலில் ஸ்டேஷன் சாலை வரைக்கும் நடந்தாள். நேராக வரிசைக் கோடிக் கிணற்றுக்குப் போய், கட்டின புடவையோடு நின்று, ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். இன்னொன்று கவிழ்த்தாள்.

கிணற்றடியில் இருந்தவள் தனிஸ்லாஸின் பெண்சாதி ஆரோக்கியம். பதறிப்போய் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னாம்மா இது, யாருக்கு இன்னா ஆச்சு என்று கேட்டாள்.

மூன்றாவது குடத்தையும் ஊற்றிக்கொண்டு, முகத்தை வழித்துவிட்டு, தையலம்மாள் பதில் சொன்னாள்.

"பொறந்த வூட்டுச் சாவு."